கண்டனியோ, கேள்விப்பட்டனியோ

மாஸ்டர் நின்றார். காலில் சப்பாத்து இல்லை. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அவருடைய அகதிக் கேஸ் கடதாசிகள்.

ராசன் நின்றான். கீழே சாரம், மேலே ஜக்கெற். ஒரு சொப்பிங் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

அந்தோனி நின்றான். ஒரு கையில் பைல், மற்றக் கையில் அகப்பை.

நான் நின்றேன். எனக்குப் பெரிய கடதாசி ஒன்றும் இல்லை. இருந்ததை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன். ரின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்தாவது ஆள் எங்களோடு நிற்கவில்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் போயிருந்தார்.

டென்மார்க்கில், ஹேர்னிங் டவுனுக்கு வெளியே பழைய பண்ணை வீடு அது. நாங்கள் ஐந்து பேரும் வாடகைக்கு இருந்தோம். பின்பக்கத்தில் இருந்து கூரைக்கு மேலாக வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. புகையைக் கண்டால் என்ன செய்வது என்று ஊரில் பழகியிருந்தோம். கடதாசியை எடுக்க வேண்டும், வெளியே ஓட வேண்டும். அதைத்தான் செய்தோம். நெருப்பணைக்கிற ஆட்களுக்குப் போன் பண்ண ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்னோவில் நின்றுகொண்டு வீடு எரியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் பின்னால் இருந்து நடந்து வந்தார். வலது கை நனைந்திருந்தது.

"நெருப்பில்லை. ஆவி."

"புகை மாதிரியெல்லோ கிடக்குது அண்ணை," என்றான் ராசன்.

"கை வைச்சுப் பாத்தனான். ஆவிதான். உள்ளுக்குப் போங்கோ, கால் விறைக்கப் போகுது."

மாஸ்டருக்குக் கோபம். "கை வைச்சனீரோ? அது வெடிச்சிருந்தா?"

"வெடிச்சிருந்தாக் கை போயிருக்கும் மாஸ்டர். போகேல்லை." கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அந்தோனி வைத்திருந்த கறி அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு எரிந்தது அது ஒன்றுதான்.

அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம், மாஸ்டரைத் தவிர. மன்னார்ப் பக்கத்து ஆள். வேதக்காரர், கத்தோலிக்கர். அங்கே மீனுக்கு ஐஸ் அடிக்கிற பக்டரியில் பதினேழு வருசம் மெசின் பார்த்தவர். படிப்பு என்னைப் போலத்தான். நான் அஞ்சாம் வகுப்பு, அவர் ஆறு. அந்த ஒரு வகுப்பை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டினதில்லை.

அன்று பின்னேரம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைக் காட்டினார். வீட்டுக்காரக் கிழவன் எண்ணெய் விலை கூடின காலத்தில் வைத்த மெசின் அது. டேனிஷில் வார்மபும்ப என்பார்கள். வெளியே அலுமாரி அளவு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு காற்றாடி, பின்னால் தகடு தகடாக வைத்த குழாய்கள்.

"ஒரு பிரிஜ்ஜை மறுபக்கம் திருப்பி வைச்சிருக்கெண்டு நினை," என்றார். "வெளிக் காத்தில கிடக்கிற சூட்டை இந்தக் குழாய் உறிஞ்சும். உறிஞ்சினதை உள்ளுக்குக் கொண்டுபோய்த் தண்ணியிலை விடும். அந்தத் தண்ணிதான் உன்ர அறைக்கு வாறது."

"வெளியிலை எங்கையண்ணை சூடு?" ராசன் கேட்டான்.

"இருக்கு. உனக்குத்தான் காணாது. குழாய்க்குக் காணும்."

பிறகு விளங்கப்படுத்தினார். சூட்டை உறிஞ்ச வேண்டுமென்றால் குழாய் காற்றை விடக் குளிராக இருக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் அந்த ஈரம் குழாயில் பிடித்து ஐஸ் ஆகிவிடும். ஐஸ் தகடுகளை அடைத்தால் காற்றுப் போகாது. காற்றுப் போகாவிட்டால் சூடு இல்லை. அதனால் மெசின் இடைக்கிடை தன்னைத் தானே திருப்பிக்கொள்ளும். ஒரு வால்வு மாறும், காற்றாடி நிற்கும், வீட்டுக்குள் போகவேண்டிய சூடு வெளிக்குழாய்க்கு வரும். ஐஸ் உருகும், ஆவி எழும்பும். ஐந்தாறு நிமிசம். அதற்குப் பிறகு பழையபடி.

"அந்தக் கொஞ்ச நேரம் அறை குளிரும். பயப்பிடக் கூடாது. ஓடக் கூடாது," என்றார். அகப்பையைத்தான் பார்த்தார். அந்தோனி அதை இன்னும் கையில் வைத்திருந்தான்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் அதைத்தான் கேட்பார்.

"கண்டனியோ, கேள்விப்பட்டனியோ?"

பஸ் இனி ஆறரைக்கு இல்லையாம் அண்ணை. கண்டனியோ, கேள்விப்பட்டனியோ? கேள்விப்பட்டது என்றால் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு தரிப்பிடத்துக்கு நடப்பார். பலகையில் எழுதியிருப்பதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். கடையில் மீன் நல்லதென்றால் செவுளைத் திறக்கச் சொல்லுவார். டென்மார்க் கடைகளில் அப்படிக் கேட்பதில்லை. அவர் கேட்டார், திறந்து காட்டினார்கள். தேநீர் சூடோ என்று கேட்க மாட்டார், புறங்கையைக் கேத்தலில் வைப்பார். அவர் முதலில் பழகிய டேனிஷ் சொல் "ஸே". பார் என்று அர்த்தம். ஒரு வருசத்துக்கு அந்தச் சொல்லை வைத்தே சீவித்தார்.

இதனால் அவரைப் பலருக்குப் பிடிக்காது. அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டதில்தான் உயிரோடு இருந்தோம். லண்டனில் இருந்து ஒருவன் போன் எடுப்பான், பாரிசில் இருந்து ஒருவன் எடுப்பான். ஊரில் இன்ன இடத்தில் செல் விழுந்ததாம். இந்தியன் ஆமி இன்ன பாதையைத் திறந்ததாம். சனிக்கிழமைகளில் ஹேர்னிங்கில் ஆட்கள் கூடினால் இதுதான் கதை. அதிலும் பமிலியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டவர்கள் கதைப்பது வேறொன்றும் இல்லை. ஈஸ்டர் முடிய எல்லாருக்கும் ஒரேயடியாக விசா குடுக்கப் போறாங்களாம். பைல் எல்லாம் மேசைக்கு வந்திட்டுதாம்.

"கண்டனியளோ?"

கதை அதோடு நின்றுவிடும்.

"உமக்கு முன்னாலை ஒரு மனுசன் சந்தோசமா ஒரு சொல்லுக் கதைக்கேலாது," என்றார் மாஸ்டர் ஒருநாள்.

"கதையுங்கோ மாஸ்டர். நான் கேக்கத்தானே செய்தனான்."

"உம்மடை கேள்விதான் கத்தி."

அவரும் விண்ணப்பம் போட்டிருந்தார். மனைவி, மூத்த மகன், மகள், கடைசிப் பொடியன். நாலு பேர். போட்ட நேரம் மூத்தவனுக்குப் பதினாலு. படத்தில் மீசை இல்லை. கடிதம் மாதம் ஒன்று வரும். மனைவி எழுதியிருப்பா. அடியில் மூத்தவன் இரண்டு வரி எழுதுவான். சரிந்த எழுத்து, மழையில் நனைந்த வேலி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். எனக்கு வாசிப்பு மெதுவு. ஆனால் எழுத்தின் சாயல் தெரியும்.

தை மாதம் ஈரமாக வந்தது. ஸ்னோ இல்லை, மழைத்தூறல். வெளியே ஒன்று, இரண்டு பாகை. மைனஸ் பத்தில் கூட ஒழுங்காக ஓடின மெசின் அப்போது படுத்துவிட்டது. அறைகள் குளிர்ந்தன. பின்னால் போய்ப் பார்த்தால் பெட்டியின் தகடுகள் தெரியவில்லை. ஒரே ஐஸ் கட்டி. காற்றாடி சத்தம் போட்டுக்கொண்டு சும்மா சுற்றியது.

ராசன் வேலையில் இருந்து தார்ப்பாய் கொண்டுவந்தான். பெட்டிக்குக் குளிர் பிடித்துவிட்டதாம். தார்ப்பாயால் சுற்றி, அதற்கு மேல் தன்னுடைய பழைய சாரத்தால் இறுக்கிக் கட்டினான். அம்மை போட்ட பிள்ளையைப் போர்த்த மாதிரி இருந்தது. காற்றுத் துளியும் போகவில்லை. பின்னேரம் மெசின் முழுக்க நின்றுவிட்டது.

அண்ணை வேலையால் வந்து சாரத்தை அவிழ்த்து மடித்து ராசனிடம் கொடுத்தார்.

"மெசினுக்குக் குளிர் பிடிக்காது. மூச்சுத்தான் அடைக்கும்."

அந்தோனி சுடுதண்ணி ஊற்றினான். மேலே உருகினது கீழே போய் உறைந்தது. வீட்டுக்காரன் மெக்கானிக்கை அனுப்பினான். வெள்ளை வானில் வந்தான். உள்ளே ஒரு சின்ன மணிக்கூடு இருந்தது. தொண்ணூறு நிமிசத்துக்கு ஒருதரம் உருக்கு என்று வைத்திருந்ததை முப்பதுக்குத் திருப்பிவிட்டான். கட்டியை வெப்பக்காற்றால் உருக்கினான். போய்விட்டான். மறுநாள் காலை பழையபடி கட்டி.

மாஸ்டர் சொன்னார், குளிர் கூடித்தான் இப்படி என்று.

"குளிர் கூடின நேரம் நல்லா ஓடினது மாஸ்டர். காஞ்ச குளிரிலை ஐஸ் பிடிக்கிறது குறைவு. ஈரக் குளிர்தான் கூடாது."

"அப்ப மெக்கானிக் விசரனோ? அவன் படிச்சவன்."

"அவன் மணிக்கூட்டைப் பாத்தவன். ஐஸைப் பாக்கேல்லை."

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் பெட்டிக்கு முன்னால் போட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு அதில் இருந்தார். இரண்டு மணித்தியாலம். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கீழையிருந்துதான் பிடிக்குது," என்றார். "பார். இப்ப உள்ளுக்கு டிக் எண்டு கேக்கும்."

கேட்டது.

"முப்பது நிமிசம் முடிஞ்சிட்டுது. மணிக்கூடு சொல்லிப்போட்டுது. ஆனா வால்வு மாறேல்லை. ஏன்?"

எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் கேட்கவும் இல்லை.

மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பக்கத்துத் தகரத்தைக் கழற்றினார். கையை விட்டுத் தடவினார். சுண்டுவிரல் அளவில் ஒரு செப்புக் குமிழை வெளியே இழுத்துக் காட்டினார். மெல்லிய குழாயில் தொங்கியது. அதை ஐஸ் பிடிக்கிற குழாயோடு ஒட்டக் கட்டியிருக்க வேண்டும். கட்டின பட்டி அறுந்து போயிருந்தது.

"மணிக்கூடு மட்டும் சொல்லிக் காணாது. இந்தக் குமிழும் ஓம் எண்ட வேணும். குழாய் உறைஞ்சு கிடக்கெண்டு தொட்டுப் பாத்துச் சொல்லுறது இதின்ர வேலை. இது குழாயைத் தொடேல்லை. காத்திலை தொங்கிக்கொண்டு, காத்து ரெண்டு பாகை, குழாயும் ரெண்டு பாகைதான் எண்டு சொல்லிக்கொண்டு நிக்குது. குழாய் மைனஸ் ஏழிலை கிடக்கு."

"அப்ப மைனஸ் பத்திலை எப்பிடி ஓடினது?"

"காத்தும் மைனஸ். அப்ப அது சொன்னது தற்செயலாச் சரி."

சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டினார். பால்மா ரின்னில் ஒரு பட்டி வெட்டினார். கட்டியை உருக்கி, குழாயைத் துடைத்து, குமிழைப் பட்டியால் இறுக்கி, மேலே ரியூபால் சுற்றினார். மணிக்கூட்டைத் தொண்ணூறுக்கே திருப்பி வைத்தார். திரும்பவும் வாளியில் இருந்தார். தகடு வெள்ளையாகியது. டிக் என்றது. சுர்ர் என்று வால்வு மாறியது. காற்றாடி நின்றது. தண்ணீர் ஒழுகியது, ஆவி எழும்பியது. குழாய் சூடானதும் குமிழே நிறுத்தியது. கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு நிமிசம். காற்றாடி திரும்பச் சுற்றியது.

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ராசன் ஆவியைக் கண்டும் ஓடவில்லை. அதைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மெக்கானிக் பிறகு வந்தபோது அண்ணை அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், "ஸே," என்றார். அவன் குனிந்து பால்மாப் பட்டியைப் பார்த்தான். கன நேரம் பார்த்தான். பிறகு சிகரெற் ஒன்று நீட்டினான். அண்ணை பத்துவதில்லை. வாங்கிக் காதில் செருகினார்.

அந்த மாசிதான் தன்னுடைய விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கக் கோப்பன்ஹேகன் போகத் தொடங்கினார். ஹேர்னிங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கிளீனிங் வேலை. மாதத்தில் ஒரு நாள் லீவு எடுப்பார். அப்போது கடலுக்குப் பாலம் இல்லை. ரயில் கப்பலுக்குள் ஏறி மறுகரையில் இறங்கும். போக ஐந்து மணித்தியாலம், வர ஐந்து. அங்கே குடிவரவுக் கந்தோர்க் கவுண்டரில் ஒரு பெண் இருப்பாள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்பாள். எல்லோருக்கும் கடிதத்தில் சொன்னதும் அதுதான். அவர் தன்னுடைய ஒரு சொல்லைச் சொல்லுவார். பார்க்க வேண்டும். பைலைப் பார்க்க முடியாது என்பாள். கதிரையில் இருப்பார். பூட்டும்வரை இருந்துவிட்டு வருவார்.

நாலாவதோ ஐந்தாவதோ தடவை அவள் எழும்பி உள்ளே போனாளாம். ஒரு பைலைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு அங்கால் பிடித்தாளாம். பிறகு என்ன நினைத்தாளோ, கண்ணாடிக்குக் கீழால் இங்கே தள்ளினாளாம். திறக்கவில்லை. அவர் மேலே கையை வைத்தாராம்.

வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே நாங்கள் கேட்டோம்.

"கண்டன்," என்றார்.

"என்னண்டு கிடக்குது? அசையுதோ?" மாஸ்டர்.

"நான் குடுத்த அதே தடிப்பு. ஒரு ஒற்றைக் கடதாசி கூடேல்லை. மேலை தூசி. ஒருத்தரும் தொடேல்லை மாஸ்டர். எங்கட ஒண்டையும் தொடேல்லையெண்டுதான் நினைக்கிறன்."

மாஸ்டர் அன்று சாப்பிடவில்லை. அவருக்கு ஒரு மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். பைல் மேசைக்கு வந்துவிட்டது என்று சொன்னவரும் அவர்தான்.

"நீர் இதைப் பாக்காமலே இருந்திருக்கலாம்," என்றார்.

பிறகு பேப்பரில் வந்தது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் சொல்லித்தான் இழுத்து வைத்திருந்தார்கள் என்று. விசாரணை வந்தது. அதில் பெரிய ஆட்களெல்லாம் விழுந்தார்கள், கடைசியில் அரசாங்கமே போனது. அதெல்லாம் வேறு கதை. ஹேர்னிங்கில் எங்களுக்கு அது பேப்பருக்கு முன்னமே தெரியும். ஒருவர் கையை வைத்துப் பார்த்திருந்தார்.

இடையில் அந்தோனியின் மச்சானிடம் இருந்து கடிதம் வந்தது. அந்தோனி அதை இரண்டு நாள் வைத்திருந்தான். பிறகு குசினியில் அவர் பாத்திரம் கழுவும்போது சொன்னான்.

"அண்ணை, உங்கட மூத்தவன் இயக்கத்துக்குப் போயிட்டானெண்டு எழுதியிருக்கினம்."

"ஆர் எழுதினது?"

"மச்சான்."

"அவர் கண்டவரோ?"

"இல்லை அண்ணை. ஊரிலை கதைக்கினமாம்."

"அப்ப கேள்விப்பட்டது," என்றார். கோப்பையைத் துடைத்து அடுக்கினார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கடிதம் வந்தது. எல்லோரும் சுகம் என்று மனைவி எழுதியிருந்தா. வழக்கம்போல மேசையில் விரித்து வாசித்தார். நான் எதிரே இருந்தேன். அடியில் சரிந்த எழுத்து இல்லை. அடுத்த மாதமும் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. மீனின் செவுளைத் திறந்து பார்க்கிற மனுசன் கடிதத்தின் அடிப்பக்கத்துக்கு வரும்போது மடித்துவிடுவார். மேலே இருந்து முக்கால்வாசி வாசிப்பார், மடிப்பார். நான் அதைக் கண்டேன். கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பைல்கள் அசையத் தொடங்கின பிறகு அனுமதி வந்தது. நாலு பெயரும் இருந்தன. ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டார்.

"கண்டியோ," என்றார் என்னிடம். "நாலு."

டவுனில் சின்ன வீடு ஒன்று எடுத்தார். கட்டில் வாங்கினார். பழைய உடுப்புக் கடையில் நாலு ஜக்கெற். மூத்தவனுக்கு என்று வாங்கினது பெரிது. வளர்ந்திருப்பான் என்றார். பதினெட்டு ஆகப் போகிறது என்றார்.

பூசைக்கு வருகிற ஒருவரின் வானை இரவல் வாங்கினோம். நான் ஓட்டினேன். திரும்பி வருகிற கப்பலுக்கு முன்கூட்டியே ஆறு பேர் என்று பதிந்தோம். கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றோம். கதவு திறக்கும், ஆட்கள் வருவார்கள், மூடும்.

மனைவி வந்தா. கையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பொடியன். பின்னால் மகள், ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு. அவர் அவர்களுக்குக் கிட்டப் போய் மூன்று பேரின் தலையிலும் கையை வைத்தார். பிறகு கதவைப் பார்த்தார். திறந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரன். மூடியது. திறந்தது. விமானக்காரப் பெண்கள்.

"இஞ்சாருங்கோ," என்றா மனைவி. "பின்னாலை ஒருத்தரும் இல்லை."

அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் போய் ஒரு வருசத்துக்கு மேலை."

"போனதைக் கண்டனீரோ?" என்றார். பழக்கத்தில் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பவில்லை.

"விடிய எழும்பிப் பாக்கப் பாய் கிடந்தது. அவன் இல்லை."

"ஏன் எழுதேல்லை?"

"எழுதியிருந்தா நம்பியிருப்பியளோ?"

கதவு இன்னும் இரண்டு தரம் திறந்தது. அதற்குப் பிறகு ஒருவன் வந்து அந்தப் பக்கத்து விளக்கை அணைத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வானுக்கு நடந்தோம். சின்னவனுக்கும் மகளுக்கும் ஜக்கெற் போட்டுவிட்டார். மனைவிக்குப் பொத்தான் பூட்டிவிட்டார். பாதையில் சின்னவன் ஒவ்வொரு மாட்டையும் எண்ணிக்கொண்டு வந்தான்.

கப்பல் துறையில் வரிசை. கூண்டில் இருந்த பெண் பதிவைப் பார்த்தாள். வானுக்குள் எட்டிப் பார்த்தாள். எத்தனை பேர் என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அவர் என் கையில் தட்டி நிறுத்தினார்.

முன் சீற்றில் இருந்து முழுக்கத் திரும்பினார். மனைவியைத் தொட்டார். மகளைத் தொட்டார். சின்னவனைத் தொட்டார். என் தோளைத் தொட்டார். தன் நெஞ்சில் கையை வைத்தார். பிறகு கூண்டுப் பெண்ணுக்கு டேனிஷில் சொன்னார்.

ஐந்து.